ஒழுகாத வீட்டுக்கு மதிப்பெண் கிடையாது

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக் கடுதாசி கொண்டுவந்த நேரத்தில் நான் அவருடைய சுவரைத்தான் பூசிக்கொண்டிருந்தேன். குளியலறையை ஒட்டிய சுவர். ஓதம் ஏறி ஏறி, விரல் வைத்தால் மாவாக உதிரும். என் ஒரு கையில் பூசுகிற கரணை, மறு கையில் சிமெண்ட் சட்டி. கடுதாசியை வாங்கக் கை இல்லை. "பரவால்ல பெரியவரே, நீங்க வேலைய பாருங்க, இங்க வைக்கிறேன்" என்று ஜன்னல் கட்டையில் வைத்தார். ஈரப் பூச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "உங்க கை கைதான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். மரியாதை தெரிந்த மனிதர். கழுத்தை அறுக்கும் முன் கழுத்து லட்சணமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்.

கலந்த சிமெண்ட் இறுகிவிடும் என்பதால் சுவரை முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு வரும். ஆனால் வக்கீல் எழுதியதைக் கூட்டினால் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது. சாயங்காலம் மருமகள் வேலையிலிருந்து வந்து படித்துச் சொன்னாள். வீட்டை இடித்துக் கடைகள் கட்டப் போகிறார்களாம். முழுப்பரீட்சை முடிவதற்குள் நாங்கள் கிளம்பிவிட வேண்டுமாம். இடிக்கப் போகிற சுவருக்கு மெனக்கெட்டு மட்டம் பார்த்துப் பூசியவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் கொத்தனார். முட்டி இப்போது சாரத்தில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிப்பதால் முன்னாள் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகள் பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் தைக்கிறாள். நாள் முழுக்கக் காலர்தான். சட்டைக்கு மற்ற பாகங்கள் உண்டு என்பதே மறந்துபோச்சு மாமா என்பாள். அவள் மகள், என் பேத்தி. வீட்டில் அவளை வாண்டு என்போம். ஈரக் காற்று பட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். என் மகன் எங்கே என்று கேட்பீர்கள். வெளியூரில் நல்ல வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். போகும்போது வாண்டு தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது நான்காம் வகுப்பு.

அவன் போனதும் மருமகள் தன் தம்பி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நானும் கேட்டதில்லை. கேட்டால் அவளும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாளோ என்றுதான்.

முதலில் வாடகை வீடு தேடினோம். தேடினோம் என்றால், ஞாயிற்றுக்கிழமைதோறும் பிறர் வீட்டு வாசலில் நின்று அவமானப்பட்டோம். ஒரு வீட்டுக்காரி என் காலைப் பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறுவாரா என்று மருமகளிடம் கேட்டாள், நான் அங்கே இல்லாதது போல. இன்னொருத்தர், வீட்டில் ஆம்பளை யாரு என்று கேட்டார். மருமகள் என்னைக் காட்டினாள். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, சம்பாதிக்கிற ஆம்பளையைக் கேட்டேன் என்றார். வாடகை சொன்னவர்கள் சொன்ன வாடகைக்கு மருமகள் இரண்டு ஆளாகப் பிரிந்து காலர் தைக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தையல் கூடத்தில் யாரோ அவள் காதில் போட்டார்கள். பஸ் பணிமனைக்குப் பின்னால் கட்டியிருக்கிற அடுக்குமாடி வீடுகள் குறைந்த வருமானக்காரர்களுக்காம். வருமானத்துக்குத் தகுந்த வாடகையாம், மீதியை அரசாங்கம் போடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டடத்தைக் கட்டும்போதே நான் பார்த்திருக்கிறேன். மணல் எது சிமெண்ட் எது என்று தெரியாத கலவை. அதைவிடச் சிரிப்பு, அரசாங்கம் நமக்காக மீதியைப் போடும் என்பது. இத்தனை வயதுக்கு எனக்கு யாரும் மீதி போட்டதில்லை. சில்லறையே சரியாகக் கொடுத்ததில்லை.

"அதெல்லாம் அவங்க மச்சான் மாமனுக்குன்னு எப்பவோ பிரிச்சிருப்பாங்க" என்றேன்.

"இருக்கட்டும் மாமா. மச்சான் மாமன் எல்லாருக்கும் குடுத்து ஒண்ணு மிஞ்சினா நமக்கு வேணாமா?" என்றாள் மருமகள். அவளோடு பேச்சில் ஜெயிக்க முடியாது. காலர் மாதிரி, எங்கே மடிக்க வேண்டும் என்று தெரிந்தவள்.

வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போனோம். வாசலிலேயே ஒருத்தன் வந்து ஒட்டிக்கொண்டான். எந்த மாடி வேண்டும், கிழக்குப் பார்த்தா மேற்குப் பார்த்தா என்று கேட்டான், கட்டடத்தையே சட்டைப்பையில் வைத்திருப்பவன் மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது எந்தப் பக்கம் பார்த்த வீடு வேண்டும் என்று என்னிடம் ஒருத்தன் கேட்டானே. மருமகள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பேசுவதற்குக் கண்ணாடியில் ஓட்டை போட்டிருந்தார்கள், சரியாக நம் வயிற்று உயரத்தில். குனிந்து, தலையைச் சாய்த்து, கும்பிடுகிற மாதிரி நின்றால்தான் பேச்சு உள்ளே போகும். ஓட்டை போட்ட வேலையாளைக் குறை சொல்ல மாட்டேன். அவனிடம் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

மருமகள் குனிந்தாள். கணவர் கையெழுத்து வேண்டும் என்றது கண்ணாடி. கணவர் இல்லை என்றாள். அப்படியானால் இறப்புச் சான்றிதழ். சாகவில்லை. அப்படியானால் விவாகரத்துத் தீர்ப்பு. அதற்கும் அவர் வந்து நின்றால்தானே. கண்ணாடி கொஞ்சம் யோசித்தது.

"அப்போ, நான் இவங்ககூட இல்லைன்னு அவரையே ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வாங்க."

நான் குனியாமலே சொன்னேன்: "அவன் எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க, வாங்கிட்டு வரேன். நானும் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை எழுதி வாங்கணும்." ஓட்டைக்கு மேலே பேசியதால் அது உள்ளே போகவில்லை. நல்லதுக்குத்தான்.

கடைசியில் அக்கம்பக்கத்தார் இரண்டு பேர், இந்தப் பெண்ணின் புருஷன் இந்தப் பெண்ணோடு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இறங்கி வந்தது. இத்தனை வருஷமாக அவர்கள் அதை வாயால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும், ஐயோ நமக்கெதுக்கு வம்பு என்று பின்வாங்கினார்கள். பக்கத்து வீட்டு நர்ஸம்மா மட்டும் உடனே போட்டார். இரண்டாவது கையெழுத்து மூலைக் கடை சலவைக்காரருடையது. அவர் என் மகன் இஸ்திரிக்குப் போட்ட சட்டை இன்னும் தன் கடையில் இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதினார். அதைவிட நல்ல சாட்சி கோர்ட்டிலும் கிடைக்காது.

அதற்குப் பிறகு மற்றவை. வருமானம் குறைவு என்பதற்கு மருமகளின் முதலாளி எழுதித் தர வேண்டும். தான் குறைவாகக் கொடுக்கிறேன் என்று எந்த முதலாளி எழுதுவான். சொந்த வீடு இல்லை என்பதற்கு ஒரு சான்று. இல்லாத வீட்டுக்கு எந்த முகவரி என்று அந்தப் படிவமும் கேட்டது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கடையில் கொடுத்து ஏற்றினோம். என் முகத்தைப் படம் பிடித்த பையன், "தாத்தா, கொஞ்சம் சாந்தமா பாருங்க" என்றான். வீடு கேட்கிறவன் எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படித்தான் பார்க்கிறேன் என்றேன்.

எல்லாம் கொடுத்த பிறகு கண்ணாடி எங்களுக்கு விளக்கிச் சொன்னது. மதிப்பெண் முறையாம். பிள்ளை இருந்தால் மதிப்பெண். பிள்ளைக்கு நோய் இருந்தால் இன்னும் கொஞ்சம். புருஷன் இல்லாவிட்டால் மதிப்பெண். வீட்டில் கிழவன் இருந்தால் அதற்கும் மதிப்பெண். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கே மார்க் போடுகிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் படிப்பை விட்டிருக்க மாட்டேன். காலி செய்யச் சொன்ன கடுதாசியைக் காட்டினோம். "அது எல்லார்கிட்டயும் இருக்கு" என்று தள்ளிவிட்டது கண்ணாடி. அதிக மதிப்பெண் இப்போது இருக்கிற வீட்டின் நிலைக்குத்தானாம். ஒருத்தர் நேரில் வந்து பார்ப்பாராம்.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

யோசித்துப் பாருங்கள். நான் கொத்தனார். என் வீட்டைப் பார்க்க ஓர் ஆள் வருகிறார், அதுவும் கட்டடம் தெரிந்த ஆள். அவர் வரும்போது காரை பெயர்ந்து, கூரையில் வெடிப்போடு இருக்கலாமா? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணை அழுக்குப் பாவாடையோடு நிறுத்துவார்களா? மொட்டை மாடிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து படியேறினேன். வெடிப்பையெல்லாம் கிளறி, கழுவி, புதுக் கலவை அடைத்து, மேலே தார் பூசினேன். உள்ளே ஓதம் தெரிந்த இடமெல்லாம் சுரண்டிப் பூசி, சுண்ணாம்பும் அடித்தேன். மருமகளும் சும்மா இருக்கவில்லை. வேற்று ஆள் வருகிற வீடு என்று திரைச்சீலை துவைத்தாள். நர்ஸம்மா வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி இரவல் வாங்கினாள். வாண்டுவுக்குத் தலை வாரி உட்கார வைத்தாள். மதிப்பெண் என்று கேட்டதும் மூன்று பேரும் முதல் ரேங்க் வாங்கத்தான் பாடுபட்டோம்.

வந்தவர் சின்ன வயசுக்காரர். ஒல்லி. வெயிலிலும் கையில் நீளமாக ஒரு கறுப்புக் குடை. நான் மனசுக்குள் குடைக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். குடைக்காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டார். நல்ல சத்தம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மழைக்கு ஒழுகுதா ஐயா?"

"என் கை பட்ட கூரை சார். ஒரு சொட்டு எறங்காது."

பின்னாலிருந்து மருமகள் இருமினாள். தொண்டையில் ஏதோ என்று நினைத்தேன்.

"சுவத்துல ஓதம்?"

"கன்னத்த வச்சுப் பாருங்க."

அவர் வைக்கவில்லை. மருமகள் மறுபடி இருமினாள். வாண்டு, அம்மாவுக்கும் இழுப்பு வந்துவிட்டது போல என்று ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடைக்காரர் கூரையை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், இரவல் நாற்காலியைப் பார்த்தார். இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு எதற்கு வேறு வீடு என்று கேட்டார். வைத்திருப்பதுதான் நான், வீடு என்னுடையது இல்லை என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது மெல்லிய குரலில், முடிவு சரியில்லை என்றால் மறுபடி பார்க்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம், அப்போது வீட்டை உள்ளது உள்ளபடி காட்டுங்கள் என்றார்.

அவர் தெரு முனை திரும்பியதும் மருமகளிடம் சொன்னேன்: "பாத்தியா? காசு கேக்கறான். எவ்வளவு நாசூக்கா கேக்கறான் பாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் புதுச் சுண்ணாம்பே கருகியிருக்கும்.

பதில் தபாலில் வந்தது. பிள்ளைக்கு இவ்வளவு, கிழவனுக்கு இவ்வளவு, ஓடிப்போனவனுக்கு இவ்வளவு. வீட்டின் நிலை என்ற இடத்தில் ஒரே வார்த்தை: நன்று. அதற்கு நேரே பூஜ்யம். தேவைப்பட்ட மதிப்பெண்ணுக்கு அந்தப் பூஜ்யத்தால்தான் கீழே நின்றோம். என் வாழ்நாளில் என் வேலைக்கு நன்று என்று ஒருத்தர் எழுத்தில் கொடுத்தது அதுதான். சட்டம் போட்டு மாட்டியிருப்பேன், மாட்டத்தான் சொந்தமாக ஒரு சுவர் இல்லை.

மருமகள் காகிதத்தை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து அவள் தம்பி வந்தான். லாரிக்குச் சரக்கு பிடித்துக் கொடுக்கிறவன், நல்லவன்தான். அக்காவும் பிள்ளையும் என் வீட்டுக்கு வரட்டும், பின்கட்டு அறையை ஒழித்துத் தருகிறேன் என்றான். பிறகு சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே, ஊருக்கு வெளியே வயசானவர்கள் விடுதி ஒன்று இருக்கிறது, காற்றோட்டமாக இருக்குமாம் என்றான். காற்றோட்டம் இருக்கும்தான். பாதி ஜன்னலுக்குக் கதவு இல்லை. ஒரு தடவை வேலைக்குப் போயிருக்கிறேன்.

நல்ல ஏற்பாடு என்றேன். நல்ல ஏற்பாடுதானே. பிள்ளைக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை, எனக்கு என் வயசுக்காரர்கள். மருமகள் தம்பிக்கு டீ கொடுத்து அனுப்பினாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நல்ல ஏற்பாடா மாமா?"

"ஆமா."

"வாண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்தா யாரு கதவத் திறப்பா?"

"உன் தம்பி பொண்டாட்டி இல்லையா?"

"அவ திறப்பா. நான் உங்களக் கேட்டேன்."

மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி எழுந்து போனேன். கண்ணாடி என் மூக்கின் மேலேதான் இருந்தது.

மறுநாளே அவள் மறுபரிசீலனை மனுக் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் டமால் டமால் என்று சத்தம். உட்கார்ந்து உட்கார்ந்து படியேறிப் போய்ப் பார்த்தால், இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, என் சுத்தியலும் உளியுமாக மருமகள். உளியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அடுத்த அடி கட்டை விரல் மேல்தான் விழும். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"வீட்டை உள்ளது உள்ளபடி காட்டச் சொன்னாரில்ல? உள்ளதத் தேடுறேன்."

"நல்லா இருக்கற கூரைய உடைப்பியா?"

"நல்லா இருக்கா?" அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "மாமா, இது கூரையே இல்ல. நீங்கதான் இது. வீட்டுக்காரர் கட்டுனதுன்னு இங்க என்ன இருக்கு? வருஷா வருஷம் நீங்க ஏறி அடைச்சீங்க, அவரு வருஷா வருஷம் வாடகைய ஏத்துனாரு. இப்போ அவரு இடிக்கப் போறாரு. நாம மட்டும் நன்றுன்னு வாங்கிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணுமா?"

சொல்லிவிட்டு மறுபடி ஓங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் உடைப்பதை அல்ல. அவள் தப்பான இடத்தில் உடைப்பதை. அது வீட்டுக்காரர் காலத்துத் தளம். அதைத் தொட்டால் அவர் வீட்டை உடைத்ததாக ஆகும். உளியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அத விடு, அது அவனுது. என்னுது இதுதான்."

"எது எது உங்களுதுன்னு காட்டுங்க."

காட்டினேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அடைத்தது வாண்டு பிறந்த வாரம். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவரும் முன் அடைத்தாக வேண்டும் என்று ஒரே மூச்சில் செய்தேன். கைப்பிடிச் சுவரோரம் நீளமாக ஓடுகிற பட்டை, மகன் போன மழைக்காலத்தில் போட்டது. அப்போது எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மூலையில் தார் பூசியது குடைக்காரருக்காக. ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். நன்றாகப் போட்ட வேலை, லேசில் வரவில்லை. மருமகள் சிதறலைக் கூடையில் அள்ளினாள். கூடை நிறைந்தால் மட்டும் "மாமா, தள்ளுங்க" என்பாள்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் பாதி சவரத்தோடு ஓடிவந்தார். ஒரு கன்னத்தில் நுரை. என் வீட்டை எதற்கு உடைக்கிறீர்கள், போலீசுக்குப் போவேன் என்றார்.

"உங்க வீட்ட நான் தொடவே இல்லையே" என்றேன். "நான் போட்ட சிமெண்ட்டத்தான் எடுத்துக்கிறேன். காலி பண்ணும்போது அவங்கவங்க சாமான எடுத்துட்டுப் போகச் சொல்லி உங்க வக்கீல்தான எழுதியிருக்காரு?"

"மழை வந்தா என்ன ஆகறது?"

"நீங்கதான் இடிக்கப் போறீங்களே. கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சுக் குடுத்திருக்கேன். கூலி வேணாம்."

நுரை காய்கிற வரைக்கும் நின்றார். பிறகு, பெரியவரே என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டு இறங்கிப் போனார். என் கை கைதான் என்று அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

அதன் பிறகு வானம் எங்களோடு விளையாடியது. ஆயுசு பூராவும் நான் மழையைத் திட்டியவன். இப்போது காலையில் எழுந்ததும் வாசலில் நின்று, ஒரு மேகமாவது வருகிறதா என்று பார்த்தேன். சுள்ளென்று வெயில். மழையும் வீட்டு வசதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தேவைப்படும்போது ஆளைக் காணோம்.

வந்தது. குடைக்காரர் வருகிற நாளுக்கு முந்தின நாள் பிடித்துக்கொண்டது. ஒன்றிரண்டு இடத்தில் சொட்டும் என்று எதிர்பார்த்தேன். அந்த வீட்டை நான் எவ்வளவு தூக்கி நிறுத்தியிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எல்லா இடத்திலும் கொட்டியது. பாத்திரம், வாளி, சட்டி, கடைசியில் வாண்டுவின் சாப்பாட்டு டப்பா வரை தரையில் வைத்தோம். சுவரில் நான் அடித்த சுண்ணாம்பு வழிந்து இறங்கியது. வாண்டுவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அவளை நர்ஸம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அப்போது மட்டும் மருமகள் என் முகத்தைப் பார்க்காமல், தப்புப் பண்ணிட்டோமா மாமா என்று கேட்டாள். வீட்டுக்குத் திரும்பி, நிரம்பிய வாளியை வாசலில் கொட்டிவிட்டு, அதே இடத்தில் மறுபடி வைத்தேன்.

மறுநாள் குடைக்காரர் குடையையும் மீறிப் பாதி நனைந்து வந்தார். வாசலில் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார். இரண்டு அடி வைத்தார். தலையில் ஒரு சொட்டு, காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பேசாமல் குடையை விரித்துக்கொண்டார், வீட்டுக்குள்ளேயே. நான் ஒரு பாத்திரத்தைத் தள்ளி அவருக்கு இடம் பண்ணிக் கொடுத்தேன். அவர் குடை என் தலைக்கு மேலும் பாதி வருகிற மாதிரி சாய்த்துப் பிடித்தார். நான் அவருடைய மற்ற கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது நீளும் என்று. அது பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்ததே தவிர நீளவில்லை.

கூரையை அண்ணாந்து பார்த்தார். மொட்டை மாடிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேல உளி பட்ட தடம் புதுசா இருக்கே ஐயா."

பொய் சொல்ல நினைத்தேன். நன்றாகச் சொல்லவும் வரும். ஆனால் வேலை விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

"பழைய ஒட்டு சார். எல்லாம் நான் போட்டது. எடுத்துட்டேன்."

"வீட்டுக்காரர் போட்டதுல எதையாச்சும்?"

"அவரு போட்டிருந்தாத்தான சார் எடுக்க?"

குடை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு, ஒட்டு இல்லாத வீட்டைத்தான் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். எழுதியவர் நிறுத்தினார். நான் பார்த்தது போதாது, குடியிருப்பவர் வாயால் சொல்லிக் கையெழுத்தும் போட வேண்டும், அதுதான் முறை என்றார்.

"மழைக்கு ஒழுகுதா ஐயா?"

போன தடவை கேட்ட அதே கேள்வி. அதே ஆள். அதே கூரை. வாயைத் திறந்தேன். ஒரு கொத்தனாரை அவன் தலைக்கு மேலே இருக்கிற கூரையைக் காட்டி இப்படிக் கேட்கிறதை என்ன சொல்வது. என் பெயரைச் சொல்லி இந்த ஊரில் எத்தனையோ வீடு ஒழுகாமல் நிற்கிறது. மருமகள் இருமவில்லை. சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் நின்றுவிட்டால் அதையும் அவள் மன்னித்துவிடுவாள் என்று தெரிந்தது. அதுதான் என்னைப் பிடித்துத் தள்ளியது.

"ஒழுகுது" என்றேன்.

"பராமரிப்பு?"

"இல்ல."

எழுதினார். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்தின் மேலும் ஒரு சொட்டு விழுந்து பெயரின் பாதி கரைந்தது. அதுவும் சரிதான், அவமானப்பட்ட பாதி போகட்டும்.

வீடு கிடைத்தது. மூன்று பேருக்கும். நாலாவது மாடி, அதுதான் கடைசி மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஓடுமா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றே மறுபடியும் சொன்னார்கள். சாவி கொடுக்கும்போது கண்ணாடிப் பெண் விதிமுறைகளை ஓட்டை வழியாக நீட்டினார். மருமகள் படித்துச் சொன்னாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பூச்சைத் தொடக் கூடாது. குடியிருப்பவர் எந்தப் பழுதையும் தானாகச் சரி செய்யக் கூடாது. கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

குடிபோன அன்றைக்கு வாண்டு ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து திறந்து மூடினாள். மருமகள் மூட்டை பிரித்தாள். நான் சுவரோரமாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். நான் நினைத்த கலவைதான். சமையலறை மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத் திட்டு, பழுப்பாக. சும்மா எழுந்து மூட்டைகளைக் கிளறினேன்.

"கரணையத் தேடாதீங்க மாமா. என் தையல் மெஷினுக்கு அடியில வச்சுப் பூட்டிட்டேன்."

"நான் மூக்குக் கண்ணாடியத் தேடுறேன்."

"அது மூக்குலதான் இருக்கு."

மறுநாள் இருவரும் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். இந்தத் தடவை நானே குனிந்தேன். என்ன விஷயம் என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஒழுகுது" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. என் கை படாத கூரைதானே.